வள்ளியம்மா பேரன் கேட்ட பெயர்

அரக்கோணத்தைச் சேர்ந்த பாடகர் அறிவு, 2024-ல் வெளியிட்ட தன் பாடல் தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர் வைத்தார். வள்ளியம்மா அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, கையில் நிலம் எதுவும் இல்லாமல் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். ஒரு கூலித் தொழிலாளிப் பெண்ணின் பெயர் பாட்டுத் தொகுப்பின் தலைப்பாக வருவது நம் இசை உலகில் அடிக்கடி நடப்பதல்ல. அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள கதை, பெரிய முதலியார்சாவடி தொடங்கி மரக்காணம் வரை கடலோரக் குடியிருப்புகளில் பாடுகிற, பறையடிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டிய கதை.

நம் பகுதியில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. உப்பளத்தில் பாத்தி மிதிக்கும்போதும், நடவு வயலிலும், தொட்டில் பக்கத்திலும், சாவு வீட்டு வாசலிலும் பாட்டு உண்டு. ஆனால் அது யார் கட்டிய பாட்டு என்று கேட்டால், “எங்க ஆயா பாடும்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்த ஆயாவின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. பாட்டு மட்டும் ஊர் கடந்து போகிறது. சினிமாவுக்குப் போகிறது, அங்கே வேறு பெயர் ஏறுகிறது. ‘நாட்டுப்புறப் பாடல்தானே, பொதுச் சொத்து’ என்று சொல்லிவிடுகிறார்கள். பாடியவருக்குப் பெயரும் இல்லை, காசும் இல்லை. அறிவின் பத்தாண்டு இசைப் பயணமும் இந்தக் கேள்வியை ஒட்டியே போயிருக்கிறது.

அரக்கோணத்திலிருந்து

அறிவரசு கலைநேசன் என்பது முழுப்பெயர். பெற்றோர் அறிவொளி இயக்கத்தில் பங்கெடுத்தவர்கள். எழுத்தறிவைப் பாட்டாலும் வீதி நாடகத்தாலும் ஊர் ஊராகக் கொண்டுபோன இயக்கம் அது. பொறியியல் படித்த அறிவுக்கு, வீட்டில் இருந்த புத்தகங்களும் பாட்டி சொன்ன கதைகளும் பாட்டியின் ஒப்பாரியும் வேறொரு வழியைக் காட்டின.

இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடை ஏறியது. கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி மேளம், கிட்டார் என 19 பேர் கொண்ட குழு. குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற சிந்தனையிலிருந்து எடுக்கப்பட்டது. இடஒதுக்கீடு, ஆணவக் கொலை, கையால் மலம் அள்ளும் கொடுமை என்று மேடையில் அதுவரை கேட்காத விஷயங்கள் பாட்டாயின. அந்தக் குழுவில் எழுதிப் பாடியவர்களில் ஒருவராகத்தான் அறிவு அறிமுகமானார்.

அதே ஆண்டு ‘காலா’ படத்துக்குப் பாட்டு எழுதினார். 2019-ல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற தனித் தொகுப்பை வெளியிட்டார். 2021-ல் ‘மாஸ்டர்’, ‘சார்பட்டா பரம்பரை’ என்று பெரிய படங்களிலும் அவர் வரிகள் ஒலித்தன. ஆனால் அவரை உலகம் அறிந்தது சினிமாவுக்கு வெளியே வந்த ஒரு பாட்டால்.

ஒரு பாட்டும் மூன்று சர்ச்சைகளும்

‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச் மாதம் யூடியூபில் வெளியானது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. பாடியவர்கள் தீ, அறிவு. வரிகள் அறிவு எழுதியவை. அந்தப் பாட்டின் வேர் வள்ளியம்மாவின் வாழ்க்கை.

இலங்கை 1948-ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. தலைமுறைகளாகத் தேயிலை மலையைக் காடு வெட்டித் திருத்தியவர்கள், அந்த மண்ணும் சொந்தமில்லை, இந்த மண்ணும் சொந்தமில்லை என்று கப்பல் ஏறினார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் தலித் மக்கள். மண்ணை உருவாக்கியவர்களுக்கு மண் இல்லை என்ற அந்தக் கதையைத்தான் குழந்தைகளும் ஆடிப் பாடும் மெட்டில் அறிவு எழுதினார். பாட்டு 50 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது.

அதன் பிறகு நடந்தவை கவனிக்க வேண்டியவை.

2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழ் ‘என்ஜாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ ஆகிய இரு பாடல்களைக் குறிப்பிட்டு ஓர் அட்டைப்படம் வெளியிட்டது. அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டையும் எழுதிய அறிவு இல்லை. பா.இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பலரும் கேள்வி எழுப்பிய பிறகு, அறிவின் படத்தோடு தனி அட்டை ஒன்றை அந்த இதழ் வெளியிட்டது.

2022 ஜூலை 28-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமரும் முதல்வரும் இருந்த மேடையில் அதே பாட்டை தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்ததால் சேர்க்க முடியவில்லை என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். தனக்கு யாரும் மெட்டோ சொல்லோ கொடுக்கவில்லை, பல மாதம் தூக்கம் கெட்டு உழைத்து உருவாக்கியது என்று அறிவு எழுதினார். அது பலர் சேர்ந்து உருவாக்கிய பாட்டு, உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். சமூக வலைத்தளங்களில் இரு தரப்பாகப் பிரிந்து சண்டை நடந்தது. ‘இத்தனை பெரிய வாய்ப்புக் கொடுத்தும் நன்றி இல்லை’ என்று அறிவை ஏசியவர்களும் உண்டு. உழைப்புக்குப் பெயர் கேட்பதை நன்றி கெட்டதனமாகப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. வயலில் படி நெல் கூடுதலாகக் கேட்ட நம் தாத்தாக்களும் இதே ஏச்சைக் கேட்டவர்கள்தான்.

மூன்றாவது செய்தி 2024 மார்ச்சில் வந்தது. பாட்டு வெளியாகி மூன்று ஆண்டு ஆகியும் தங்கள் மூவருக்கும் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே காணொளியில் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் தன் தரப்பு விளக்கத்தைக் கொடுத்தது. கணக்கு எப்படியோ, நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. உலகம் முழுக்கக் கேட்ட பாட்டை உருவாக்கிய, பெயர் பெற்ற கலைஞர்களுக்கே கணக்கு கைக்கு வரவில்லை என்றால், ஊர்த் திருவிழாவில் பாடியதை யாரோ செல்போனில் எடுத்து வலையேற்றிவிடும் நம் பாடகர்களின் நிலை என்ன?

இவ்வளவுக்கும் பிறகு வந்ததுதான் ‘வள்ளியம்மா பேராண்டி’. ராப், ஒப்பாரி, நாட்டுப்புற மெட்டு எல்லாம் கலந்த தனித் தொகுப்பு. ‘அம்பாசா’ என்ற பெயரில் தனக்கென ஒரு குழுவையும் அறிவு அமைத்துக்கொண்டார். தன் பாட்டு யாருடையது என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிட்டதால், இனி அதை யாரும் மறைக்க முடியாது.

இந்தச் சாலையில் பாடியவர்கள்

அறிவுக்கு முன்னோடிகள் உண்டு. அவர்களில் ஒருவர் வேலை செய்த இடம் நமக்கு வெகு அருகில்தான். பெரிய முதலியார்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சில கிலோமீட்டர் போனால் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். அங்கே நாடகத் துறைப் பேராசிரியராக இருந்தவர் கே.ஏ.குணசேகரன். சிவகங்கை மாவட்டம் இளையான்குடி அருகே மாரந்தையில் 1955-ல் பிறந்தவர். படிக்கும் காலத்தில் பட்ட சாதி அவமானங்களை ‘வடு’ என்ற தன்வரலாற்றில் எழுதினார். ‘பலி ஆடுகள்’ நாடகம் தமிழ் தலித் அரங்கின் தொடக்ககாலப் படைப்புகளில் முக்கியமானது.

மக்கள் அவரை முதலில் பாடகராகவே அறிந்தார்கள். ‘தன்னானே’ என்ற கலைக்குழுவை வைத்து ஊர் ஊராகப் பாடினார். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ கவிதையைப் பாட்டாக மக்களிடம் கொண்டுசேர்த்தது அவருடைய குரல்தான். அது ஒலிநாடாவாக வந்து, கூட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் போடும் பாட்டானது. இன்றும் பல மேடைகளில் அது பாடப்படுகிறது. ஆனால் பாட்டு தெரிந்த பலருக்கு எழுதிய கவிஞர் பெயரும் தெரியாது, பாடிப் பரப்பியவர் பெயரும் தெரியாது. குணசேகரன் 2016 ஜனவரியிலும் இன்குலாப் அதே ஆண்டு டிசம்பரிலும் காலமானார்கள். நம் மேடைகளிலேயே அவர்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் பாடும் வழக்கம் இன்னும் ஏற்படவில்லை.

இன்னொருவர் தலித் சுப்பையா. புதுச்சேரியைத் தளமாகக் கொண்டு ‘விடுதலைக் குரல்’ கலைக்குழுவை நடத்தியவர். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடியவர். அம்பேத்கரையும் பெரியாரையும் சேரித் தெருவுக்குப் பாட்டாகக் கொண்டுவந்தார். அவரும் 2022-ல் மறைந்துவிட்டார். நம் மாவட்டத்தில் அவர் பாட்டைக் கேட்டு அரசியலுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாடல்களை எழுதியவர் பெயரோடு தொகுத்து வைப்பது நம் தலைமுறையின் வேலை.

மேடையும் சாவு வீடும்

பாடகரின் பயண வாழ்க்கை வெளியிலிருந்து பார்க்கக் கவர்ச்சியாகத் தெரியும். அறிவு போன்றவர்கள் வெளிநாட்டு மேடை வரை போகிறார்கள். மார்கழியில் சென்னை சபாக்களில் மட்டும் ஒலித்த ‘இசை விழா’ என்ற சொல்லை, 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ மாற்றியது. அடுத்த ஆண்டே மதுரை, கோவை, சென்னை என்று மூன்று ஊர்களில் நடந்தது. ஒப்பாரியும் கானாவும் பறையும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கும் இசை ஆனது.

ஊர்க் குழுக்களின் பயணம் வேறு மாதிரி. ஒரு பறைக் குழு என்றால் எட்டுப் பத்துப் பேர். ஒரு சரக்கு வண்டியில் பறைகளோடு ஏறிப் போவார்கள். நிகழ்ச்சிக்கு முன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்ச வேண்டும். பனி இறங்கினால் தோல் தொய்ந்து திரும்பவும் காய்ச்ச வேண்டும். முன்பணம் வண்டி வாடகைக்கும் டீசலுக்கும் போய்விடும். மீதிப் பணம் நிகழ்ச்சி முடிந்து, விழாக்குழுக்காரர் கண்ணில் பட்டால் கிடைக்கும். நள்ளிரவில் வீடு திரும்பியவர் காலையில் கட்டட வேலைக்கோ உப்பளத்துக்கோ கிளம்புவார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பறை என்றால் சாவு வீடு என்ற எண்ணம். சாவுக்குப் பறையடிப்பது பல ஊர்களில் ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட கட்டாயமாக இருந்தது. மறுத்தால் ஊர்விலக்கம், அடி. அதனால்தான் ஒரு காலத்தில் இளைஞர்கள் ‘இனிப் பறை தொடமாட்டோம்’ என்று போராடினார்கள். பின்னர் அதே பறையை விடுதலையின் கருவியாக எடுத்தவர்களும் வந்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையடித்து ஆடினார்கள். மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கட்டாயத்துக்கு அடிப்பதும் கலையாக அடிப்பதும் ஒன்றல்ல. அடிப்பவர் விரும்பி வருகிறாரா, பேசிய பணம் கொடுக்கிறார்களா, பெயர் சொல்லி அழைக்கிறார்களா என்ற மூன்றையும் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும். ‘மேளக்காரங்களை வரச் சொல்லு’ என்று அழைக்கும் அழைப்பிதழில் கலைஞர்களின் பெயர் அச்சாகும் நாள் வர வேண்டும்.

பத்து ஷில்லிங் பாட்டு

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற சூலு இனத் தொழிலாளி 1939-ல் ‘எம்பூபே’ என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ‘சிங்கம்’ என்று பொருள். பாட்டின் உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அந்த மெட்டு அமெரிக்காவுக்குப் போய், ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்று உலகப் புகழ் பெற்றது. 1994-ல் வந்த ‘தி லயன் கிங்’ படத்திலும் ஒலித்தது. லிண்டா 1962-ல் ஏழையாகவே இறந்தார். அவருடைய மகள்கள் வழக்குத் தொடுத்து, 2006-ல்தான் சமரசத் தீர்வு வந்தது. பாட்டு பதிவாகி 67 ஆண்டுகளுக்குப் பிறகு.

கறுப்பினத் தொழிலாளியின் பாட்டையும் அன்று ‘ஆப்பிரிக்க நாட்டுப்புறப் பாடல்’ என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். பாடியவர் உயிரோடு இருக்கும்போதே பாட்டைப் பொதுச் சொத்தாக்கிவிடுவது எல்லா நாட்டிலும் எளியவர்களுக்குத்தான் நடக்கிறது.

சட்டம் தரும் பிடி

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. நாமே எழுதிய பாட்டுக்கும் நாமே கட்டிய மெட்டுக்கும், எழுதிய அன்றே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்று இல்லை. பதிவு ஒரு சான்று மட்டுமே. வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு வாரிசுகளுக்கு 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும்.

உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே பொருள். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே பொருள். 2012 திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குரிய ராயல்டி பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது; எழுதி வாங்கினாலும் செல்லாது. பழைய மரபுப் பாட்டை யாரும் பாடலாம் என்பது உண்மை. ஆனால் அதை ஒருவர் பாடிய அந்தப் பாடுகைக்கு, நிகழ்த்துநர் உரிமை என்று 50 ஆண்டு தனிப் பாதுகாப்பு உண்டு. அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்து விற்பது தவறு.

2017-ல் இளையராஜா, அமெரிக்காவில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு உரிமை கேட்டு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியபோது, ‘பணத்தாசை’ என்று கேலி செய்தவர்களே அதிகம். அந்த வழக்குகளின் சரி தவறு நீதிமன்றத்துக்கு உரியது. ஆனால் அந்த விவாதத்தால்தான் பாட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு என்பது டீக்கடை வரை பேச்சானது.

மாணவர்களுக்கு ஒரு வேலை

பள்ளி, கல்லூரி போகும் நம் பிள்ளைகள் கையில் இன்று செல்போன் இருக்கிறது. நம் பகுதியின் பாட்டைப் பாதுகாக்க அதுவே போதும்.

வீட்டில் பாடத் தெரிந்த ஆயாவையோ பெரியம்மாவையோ உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள். பாட்டு தொடங்கும் முன், பாடுபவர் தன் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றது, எந்த வேலைக்குப் பாடியது என்பதைத் தன் வாயாலேயே சொல்லட்டும். உப்பளத்துப் பாட்டா, நடவுப் பாட்டா, ஒப்பாரியா என்று குறியுங்கள். வரிகளை நோட்டில் எழுதும்போது பேச்சு வழக்கைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் வலையேற்றுங்கள். முதல் வரியிலேயே பாடியவர் பெயர் இருக்கட்டும். யாராவது எடுத்துப் பயன்படுத்தினால் அந்தத் தேதியிட்ட பதிவே உங்கள் சான்று.

குழுவாக இயங்குபவர்கள், யார் எழுதியது, யார் மெட்டு, யார் பாடியது, வருவதில் யாருக்கு என்ன பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும். ‘என்ஜாய் எஞ்சாமி’யும் நண்பர்கள் சேர்ந்து உருவாக்கியதுதான். ஒலிப்பதிவு நிறுவனம் காகிதம் நீட்டினால், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் இன்னும் பதிவு செய்யாத பெரியவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் மாணவர்களால் முடிந்த உதவி.

நம் கிராமங்களில் எழுபது வயது கடந்த பாட்டுக்காரப் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒருவர் இருவராகக் குறைந்துகொண்டே போகிறார்கள். வரும் விடுமுறையில் தெருவுக்கு ஒருவர் இந்த வேலையைத் தொடங்கினால், அவர்கள் பெயரும் அவர்கள் பாட்டும் சேர்ந்தே நம்மிடம் நிற்கும்.